வவுனியாவில் வாங்கிய டைனமோ

என் அம்மா எங்கள் காரில் ஏறிய முதல் நாளே அதைத் தள்ள வேண்டியதாகிவிட்டது. கிளிநொச்சி ரயில் நிலைய முற்றத்தில், யாழ்ப்பாணத்து ரயிலால் வந்திறங்கிய அம்மா குடையை மடியில் வைத்துக்கொண்டு பின் ஆசனத்தில் நிமிர்ந்து இருந்தார். பக்கத்தில் நான், எட்டு மாத வயிற்றோடு. முன்னால் இவர். இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லும் வழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இவர் ஸ்டார்ட்டரை இழுத்தார். கார் ஒரு முனகல் முனகிவிட்டுப் பேசாமல் இருந்தது.

தள்ளுவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. இவர் இறங்கி ஒரு சிரிப்புச் சிரித்ததும் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். எல்லோரையும் இவருக்குத் தெரியும். தள்ளுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் வீட்டில் சுகமா, மாடு கன்று போட்டதா என்று விசாரித்து முடித்தார். அவர்களும் அவசரப்படவில்லை. அம்மா முன்பக்கம் பார்த்தபடியே மெல்லிய குரலில் என்னைக் கேட்டார்.

"பிள்ளை, இந்தக் காரிலையோ நீ ஆசுபத்திரிக்குப் போகப் போறாய்?"

இதைக் கேட்கத்தான் அவர் வந்திருந்தார். தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டுக்குப் போவது எங்கள் பக்கத்து முறை. நானோ வட்டக்கச்சியிலேயே இருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு வயல், மாடு, கோழி என்று வாயில் வந்ததைச் சொன்னேன். உண்மையில் இவரை விட்டுவிட்டு மாதக்கணக்கில் இருக்க எனக்கு மனமில்லை. கல்யாணம் முடித்து வந்து இவ்வளவு காலமாகியும் பெற்ற தாயிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் கோழிகளின் மேல் பழியைப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து தேநீர் குடித்து முடித்ததும் அம்மா தீர்ப்புச் சொன்னார். "கார் சொன்ன நேரத்துக்கு வெளிக்கிட்டு, நடுவிலை நிக்காமல் போய்ச் சேருமெண்டா நீ இஞ்சையே இரு. இல்லையெண்டா ஒன்பதாம் மாசம் பிறக்க முன்னம் என்னோடை ரயிலேறு." இவரைப் பார்த்து, "என்ன தம்பி, சரிதானே?" என்றார். இவர் ஓம் மாமி என்றார். மாமியிடம் இவர் வேறு எதையும் சொன்னதை நான் கேட்டதில்லை.

இனி அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து வந்து, காடு வெட்டி, இரணைமடுத் தண்ணீரில் நெல் விளைந்து கொஞ்சம் நிமிர்ந்தபோது இவர் வாங்கிய பழைய கார் அது. வாடகைக்கும் ஓடும், சும்மாவும் ஓடும். சும்மா ஓடியதுதான் அதிகம். அந்த வருடம் அதன் டைனமோ எரிந்துபோனது. கார் ஓடும்போது பெல்ட்டால் சுழன்று மின்சாரம் உண்டாக்கிப் பற்றரிக்கு அனுப்புகிற உருளைதான் டைனமோ. இவர் வவுனியாவுக்குப் போய், உடைந்த வாகனங்களின் சாமான் விற்கிற ஒரு கடையில் வேறொன்று வாங்கி வந்தார். "கண்ணை மூடிக்கொண்டு பூட்டுங்கோ" என்று கடைக்காரர் சொன்னாராம். இவரும் அப்படியே பூட்டினார் போலிருக்கிறது.

அன்றிலிருந்து பிடித்தது சனி. பற்றரியைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வந்தால் காலையில் கார் ஒரே இழுவையில் துள்ளி எழும்பும். பின்னேரம் எங்கேயாவது செத்துக் கிடக்கும். முன்னால் ஹாண்டில் போட்டு எஞ்சினைச் சுழற்றலாம் என்றால் ஹாண்டிலை முந்தின சொந்தக்காரர் தொலைத்துவிட்டார். இரவல் பற்றரி ஒன்று போட்டுப் பார்த்தார்கள். அதுவும் பின்னேரம் செத்தது. இரவல் தந்தவர் பற்றரியோடு வீட்டுக்குப் போகும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மா வந்த மறுநாள் கிளிநொச்சியிலிருந்து கராச்காரரைக் கூட்டிவந்தார் இவர். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். காரின் மூடியைத் திறந்து, பெல்ட்டைப் பெருவிரலால் அமுக்கி, பற்றரிக்குப் போகிற மின்சாரத்தைத் திறந்து மூடுகிற கட்டவுட் பெட்டியைச் சுரண்டித் துடைத்தார். பிறகு இவரை உள்ளே இருத்தி அக்ஸிலேற்றரை நன்றாக மிதிக்கச் சொல்லிவிட்டு, டைனமோவில் வயர் தொடுத்து ஒரு பல்பைப் பிடித்தார். பட்டப்பகலில் பல்பு கண்ணைக் கூச வைத்தது.

"பாருங்கோ, கலியாண வீடு மாதிரி எரியுது. டைனமோ தங்கம்" என்றார்.

தங்கமான அந்த டைனமோவோடு அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது கார் பன்னங்கண்டிக்கு இப்பால் நின்றுவிட்டது. இவர் ஒரு மாட்டு வண்டியின் பின்னால் கட்டி இழுத்து வந்தார். அம்மா கிணற்றடியில் நின்று அந்த ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு அயலவர்களின் முறை. எங்கள் பகுதியில் எல்லோரும் வாய்க்கால் தண்ணீரில் சீவிப்பவர்கள். விடிய முன்னம் வெள்ளாப்பில் எழும்பி, மேல்காணிக்காரன் மதகை அடைத்துவிட்டானா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஆகவே காரின் மூடியைத் திறந்ததும் அவர்களுக்கு அங்கேயும் தண்ணீர்தான் தெரிந்தது. டைனமோ ஆறு, பற்றரி குளம், வயர் வாய்க்கால் என்று அரை மணித்தியாலத்தில் தீர்மானம் ஆகிவிட்டது. அடுத்த காணிக்காரர் வயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "தண்ணி வருகுது. ஆனா ஆரோ களவாய் வெட்டி விடுகிறாங்கள்" என்றார். "நீங்கள் படுத்தாப் பிறகு குளம் ஒழுகுது. மதகைப் பூட்டிப்போட்டுப் படுங்கோ."

சிரிக்க வேண்டாம், அதில் நியாயம் இருந்தது. இவர் அன்று மாலை சார்ஜ் ஏற்றிய பற்றரியின் வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் பூட்டினார், கார் துள்ளி எழும்பியது. அயலவர் நெஞ்சை நிமிர்த்தினார். அதே நாள் மத்தியானம் சந்தை வாசலில் பற்றரி வெறுமையாகிக் கார் நின்றது. ஆக, நிற்கும்போது ஒழுகவில்லை. ஓடும்போதுதான் எங்கோ போகிறது.

இவ்வளவும் ஆன பிறகுதான் நான் காரின் முன் ஆசனத்தில் ஏறினேன். ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். கிளிநொச்சிக்குப் போக வேண்டும். காரின் உள்ளே, ஓட்டுகிறவருக்கு முன்னால், ஒரு சின்ன வட்டமும் அதற்குள் ஒரு முள்ளும் உண்டு. முள் வலப்பக்கம் சாய்ந்தால் பற்றரி நிரம்புகிறது, இடப்பக்கம் சாய்ந்தால் வடிகிறது. இவ்வளவு காலமும் அதை ஒருவரும் பார்க்கவில்லை, ஏனென்றால் கார் ஓடும்போது இவருடைய கண் தெருவில் போகிற மனிதர்களில்தான் இருக்கும். நான் முள்ளையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு போனேன்.

இவருக்கு ஹோர்ன் வழிவிடச் சொல்வதற்கு அல்ல, வணக்கம் சொல்வதற்கு. அண்ணைமாருக்கு நீளமாக ஒன்று. வயதான அம்மாமாருக்கு மெதுவாக இரண்டு. மச்சான் முறைக்காரருக்குச் சண்டைக்குப் போகிற மாதிரி விடாமல் ஒரு அமுக்கு. ஒவ்வொரு அமுக்குக்கும் முள் இடப்பக்கம் விழுந்து எழும்பியது. சைக்கிளில் ஒருவர் எதிர்ப்பட்டால் அவர் திரும்பி வருவார். கார் சைக்கிளின் வேகத்துக்கு இறங்கும். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டே விதைப்பைப் பற்றியும் பன்றி வேலியைப் பற்றியும் கதைப்பார்கள். நடந்து போகிறவரென்றால் கார் நடக்கும். முள் இடப்பக்கமே கிடந்தது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் எதிர்பார்க்காதது நடந்தது. அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்காரர் இருந்தார். தன் பழைய காணி வழக்கை ஆதியிலிருந்து சொல்லத் தொடங்கினால் கேட்கிறவர் அன்று வேலைக்குப் போக ஏலாது. வட்டக்கச்சி முழுவதிலும் இவர் பயந்த ஒரே மனிதர் அவர்தான். அந்த வீட்டு வாசல் படலை தெரிந்ததும் இவர் தலையைக் குனிந்துகொண்டு அக்ஸிலேற்றரைத் தரையோடு மிதித்தார். கார் பாய்ந்தது. முள் ஓடிப்போய் வலப்பக்கம் நின்றது.

"இஞ்சருங்கோ, காரைத் திருப்பி அந்த வீட்டைக் கடந்து இன்னொருக்கா ஓடுங்கோ" என்றேன்.

"உமக்கென்ன விசரோ? மனுசன் படலையடியிலை நிக்கிறார்."

"ஓடுங்கோ."

பிள்ளைத்தாய்ச்சியின் சொல்லைத் தட்டக்கூடாது என்று திருப்பினார். அவர் கையை உயர்த்தினார். இவர் பார்க்காதது போலப் பறந்தார். முள் மறுபடி வலப்பக்கம். மூன்றாம் தரமும் போகச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டார். தேவையும் இருக்கவில்லை. கெட்டிருந்தது டைனமோ அல்ல, ஓட்டுகிறவரின் குணம்.

வீட்டுக்கு வந்து, கோழிக்கூட்டுக் கதவுக்கு முண்டாக வைத்திருந்த பழைய டைனமோவை எடுத்துவந்து புதியதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். பெல்ட் ஓடுகிற சில்லு பழையதில் சின்னது, புதியதில் பெரியது. சின்னச் சில்லு கார் நடந்தாலும் சுழன்று வேலை செய்திருக்கிறது. பெரிய சில்லுக்கு எஞ்சின் வேகம் வேண்டும். வேகமாக ஓடுகிற ஏதோ வாகனத்திலிருந்து கழற்றியது. கராச்காரர் அக்ஸிலேற்றரை மிதிக்கச் சொல்லிப் பார்த்ததால்தான் பல்பு கலியாண வீடாக எரிந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். தனக்கு முதலே அந்தச் சந்தேகம் இருந்ததாகச் சொன்னார். பழைய சில்லைக் கழற்றிப் பூட்டப் பார்த்தார், துவாரம் பொருந்தவில்லை. கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம், ஆனால் அதற்குள் பிள்ளை வந்துவிடும் என்றார்.

"அப்ப வழி?" என்று இவர் கேட்டார்.

"ஹோர்ன் அடியாமல், ஒருதரோடையும் கதையாமல் விரைவாய் ஓடுங்கோ" என்றேன் நான்.

இவருக்கு முகம் கறுத்துவிட்டது. கோபத்தில் இவரை நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். "கண்டிட்டும் காணாத மாதிரிப் போறதோ? எல்லாரும் ஊரை விட்டிட்டு வந்து கிடக்கிற இடம். நாளைக்கு ஆரின்ரை முகத்திலை முழிக்கிறது?"

"முழிக்கிறதுக்கு உங்கடை பிள்ளையின்ரை முகம் ஒண்டு வரப்போகுது. அதை யோசியுங்கோ."

"இதென்ன கதையப்பா."

"கதையில்லாமல் ஓடுங்கோ எண்டுதான் சொல்லுறன்."

அன்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

விஷயத்தைக் கேட்டு அம்மா தானே சோதனை பார்க்க வெளிக்கிட்டார். அவர் பின் ஆசனத்தில், கையில் குடை. நான் முன்னால். சந்தைவரை நிற்காமல் போய்த் திரும்பினால் நான் வட்டக்கச்சியில் இருக்கலாம். முதல் சைக்கிள்காரரை இவர் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தார். அடுத்தவரைக் கண்டதும் கால் தானாகத் தளர்ந்தது. குடை நுனி இவர் முதுகில் குத்தியது. "தம்பி, முள்ளு" என்றார் அம்மா. இவர் மிதித்தார். வேர்த்துக் கொட்டியது மனிதருக்கு. ஒரு மைலுக்கு மேல் அப்படிப் போனோம். எனக்கு நம்பிக்கைகூட வந்துவிட்டது.

அப்போது ஒருவர் எனக்குத் தருவதற்கென்று ஒரு பூசணிக்காயைத் தோளில் தூக்கிக்கொண்டு வேலியோரம் ஓடிவந்தார். இவர் நின்றார். நின்றது மட்டுமா, பெரியவரோடு கதைக்கும்போது எஞ்சின் இரையக்கூடாது என்று அதையும் நிறுத்திவிட்டார். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. பூசணிக்காய் தந்தவரே தள்ளினார்.

"வெள்ளிக்கிழமை ரயில்" என்றார் அம்மா. இவர் ஓம் மாமி என்றார்.

அந்த வாரம் நான் ஆரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ரயிலுக்காக இவர் பற்றரியைச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து வைத்தார். என்னை அனுப்புவதற்கு என்ன அக்கறை என்று எனக்கு எரிந்தது. வியாழன் மத்தியானம் நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டு அழுதேன். உடுப்பை ஏன் குசினியில் மடித்தேன் என்று கேட்காதீர்கள். அம்மா அறையில் இருந்தார். இவர் வாசலில் வந்து நின்றார். வாயடைத்து நிற்கிற அந்த மனிதரை எனக்குப் பழக்கமில்லை. அழுகை இன்னும் கூடியது.

வெள்ளிக்கிழமை காலை சீப்பால் தலை இழுத்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு வலி வந்தது. வர வேண்டிய காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. அம்மா என் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு, "தம்பி, காரை எடுங்கோ" என்றார். கார் ஒரே இழுவையில் எழும்பியது.

அம்மா பின் ஆசனத்தில் என்னைக் கட்டிப் பிடித்திருந்தார். தெருப் புழுதி படாமல் இருக்கத் தன் வெள்ளைச் சேலைத் தலைப்பால் தலையை மூடி, கண்ணையும் மூடிக்கொண்டு, எல்லாத் தெய்வங்களையும் வரிசையாகக் கூப்பிட்டார். நான் கத்தினேன். இன்ன சொல் என்று இல்லை, இவரைத் திட்டினேன், வவுனியாக் கடைக்காரரைத் திட்டினேன், கொழும்பையும் திட்டினேன். இவர் ஓட்டினார். அப்படி ஓட்டுவார் என்று நான் நினைத்ததே இல்லை. ஹோர்னில் கை படவில்லை. பூசணிக்காய் தந்தவர் கையைக் காட்டினார், கடந்தார். சைக்கிள்கள், மண்வெட்டியோடு போகிறவர்கள், மாட்டு வண்டிகள் எல்லாவற்றையும் கடந்தார். ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை. "அண்ணை, குறை நினையாதேங்கோ. அக்கா, பேந்து வாறன். மச்சான், நாளைக்குக் கதைப்பம்" என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அவர்களுக்குக் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டு போனார். இரண்டு வலிக்கு நடுவில் எட்டி அந்த முள்ளைப் பார்த்தேன். வலப்பக்கத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. இவர்மேல் எனக்கு அந்த நேரம் அப்படியொரு அன்பு வந்தது. அடுத்த வலி வந்ததும் மறுபடி திட்டினேன்.

பிள்ளை பிறந்தது. பெண். சின்னது, ஆனால் குரல் இவருடையது. மருத்துவிச்சி தகப்பனைக் கூப்பிடச் சொன்னார், தகப்பனைக் காணவில்லை. அம்மா குடையை எடுத்துக்கொண்டு தேடப் போனார். போனவர் வர நேரமாகியது. வந்தபோது என் கட்டிலில் வந்து இருந்து, பிள்ளையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"என்னம்மா?"

"வெளியிலை போய்ப் பார்க்க ஏலாத சனம். சைக்கிளிலை வந்ததுகள், ட்ரக்டர்ப் பெட்டியிலை ஏறி வந்ததுகள். வயலுக்கை நிண்ட சேத்தோடை வந்து நிக்குதுகள். நடுவிலை உன்ரை மனுசன், ஒவ்வொருதரிட்டையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு."

"ஏன்?"

"உன்ரை மனுசன் ஒருதரோடையும் கதையாமல் போனவராம். அப்ப ஆரோ செத்துப்போச்சினம் எண்டு நினைச்சிருக்கினம்." அம்மா குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். "செத்தது நான்தானாம். வெள்ளைச் சீலையாலை மூடிக்கொண்டு சாய்ஞ்சு கிடந்தனாம், நீ குழறிக்கொண்டு போனியாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது. அம்மா சிரிக்கவில்லை.

"நான் வெளியிலை போகேக்கை ஒரு மனுசி மரத்தடியிலை இருந்து எனக்காக அழுதுகொண்டிருக்கிறா, பிள்ளை. எனக்கு அவவை ஆரெண்டு தெரியாது. என்னைக் கண்டதும் எழும்பி வந்து கையைப் பிடிச்சா. பிடிச்ச கையை விடேல்லை." தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "என்ரை ஊரிலை எனக்கு இவ்வளவு சனம் வராது."

பிறகு பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து, நெற்றியைத் தடவிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "முப்பத்தொண்டு துடக்குக் கழிய நான் ஊருக்குப் போறன். நீ இஞ்சையே இரு."

நான் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அம்மா என்னை அழ விட்டார்.

"உன்ரை மனுசன் ரயிலடிக்குக் கொண்டுபோய் விடுறன் எண்டு சொல்லுவார்" என்றார் கொஞ்ச நேரத்தில். "வேண்டாம் எண்டு சொல்லு. நான் பஸ்ஸிலை போறன்."